கடல்கடந்த சம்பளமும் ஊர்வந்த விடுமுறையும்: மலாயாக் காலத்து யாழ்ப்பாணக் குடும்பம் பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

1

யாழ்ப்பாணத்து ஊர்களிலே பழைய கல்வீடொன்றைச் சுட்டி அதன் வரலாற்றை வினவினால், ‘அது மலாயாப் பென்சனியர் கட்டின வீடு’ என்னும் விடை பல இடங்களிற் கிடைக்கும். யாழ்ப்பாணச் சமூக வரலாற்றை எழுதியோர் இப்பென்சனியரைப் புறக்கணித்தனர் என்று கூறிவிட முடியாது. மலாயாப் பணம் குடாநாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கிநின்ற முறையும், அப்பணத்தின் துணையோடு எழுந்த பாடசாலைகளும் கோயில்களும் ஓரளவு பேசப்பட்டேயுள்ளன. கதைகளும் நாடகங்களும் பென்சனியரை ஒரு வகைமாதிரிப் பாத்திரமாக்கி நகைத்துமுள்ளன.

ஆயின் பென்சனியர் என்பவர் ஒரு வரலாற்றின் இறுதிக் கட்டத்திலே தோன்றுபவர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் கடலுக்கு அப்பால் வாழ்ந்தார். அவ்வாண்டுகளில் அவருடைய குடும்பம் எங்கே வாழ்ந்தது, எவ்வாறு வாழ்ந்தது, இரு கரைகளிலும் பிரிந்துகிடந்த அக்குடும்பம் எந்தச் சந்தர்ப்பங்களில் ஒன்றுசேர்ந்தது ஆகிய வினாக்கள் போதிய அழுத்தத்துடன் எழுப்பப்படவில்லை. இவ்வினாக்களுக்கு விடை காண முயலும்பொழுது, சாதாரணமாகத் தோன்றும் ஒரு நிகழ்ச்சி முக்கியத்துவம் பெறுகின்றது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மலாயாக்காரர் விடுமுறை பெற்று ஊருக்கு வந்து உறவினரோடு தங்கிச் சென்றதே அந்நிகழ்ச்சியாகும்.

இவ்வருகையைப் பாசத்தின் வெளிப்பாடாகவோ ஓய்வுப் பயணமாகவோ கொள்வது வழக்கம். பாசம் இருந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் பிளவுண்ட ஒரு குடும்பம் தன்னைத் தொடர்ந்து நிலைநிறுத்திக்கொள்வதற்கு இன்றியமையாத கருமங்கள் யாவும் அச்சில வாரங்களுக்குள்ளேயே நடத்தப்பட்டன என்பதும், அவ்வாரங்கள் கழிந்தபின் எஞ்சிய பாரம் ஊரில் இருந்தோர்மீது, குறிப்பாகப் பெண்கள்மீது, சுமத்தப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

2

மலாயாப் பயணத்தின் பின்னணியை முதலிற் சுருக்கமாக நோக்குதல் வேண்டும்.

ஆறில்லாத, கிணற்று நீரை நம்பிய குடாநாட்டில் விளைநிலம் குறைவு. புகையிலை முதலிய தோட்டப்பயிர்களும் பனைவளமும் சிறுநில உடைமையாளரைத் தாங்கின. தலைமுறைதோறும் சீதனமாகவும் முதுசமாகவும் பங்கிடப்பட்ட காணிகள் பரப்புக் கணக்கிலே சுருங்கிக்கொண்டு வந்தன. நிலத்தை மட்டும் நம்பி அந்தஸ்தைக் காப்பாற்ற இயலாத நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலாண்டளவில் உருவாகியிருந்தது.

இந்நிலைக்கு மாற்றாக அமைந்தது ஆங்கிலக் கல்வி. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டை செமினரியையும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையையும் நிறுவினர். செமினரி 1855இல் மூடப்பட்டபோதிலும் அதன் மரபு 1872இல் தோன்றிய யாழ்ப்பாணக் கல்லூரியிலே தொடர்ந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடக்கிய சைவக் கல்வி இயக்கத்தின் வழிவந்தோரும் காலப்போக்கில் ஆங்கிலத்தின் தேவையை ஏற்றனர். 1890இல் உருப்பெற்ற யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி இதற்குச் சான்றாகும். இவ்வாறாக, உள்ளூர்ப் பொருளாதாரம் ஏற்கக்கூடிய தொகையினும் மிகுதியான ஆங்கிலங் கற்ற இளைஞர்கள் குடாநாட்டில் உருவாயினர். இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கை இலைநோயினால் 1880களில் வீழ்ச்சியுற்றபோது தென்பகுதியிலும் வேலைவாய்ப்புகள் சுருங்கின.

அதே காலத்தில் மலாயாவில் பிரித்தானியர் வெள்ளீயச் சுரங்கங்களை மையமாகக் கொண்டு நிர்வாகத்தையும் போக்குவரத்தையும் விரிவாக்கினர். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதலாவது புகையிரதப் பாதை 1885இல் திறக்கப்பட்டது. கோலாலம்பூரைக் கிள்ளானோடு தொடுக்கும் பாதை அடுத்த ஆண்டில் வந்தது. 1896இல் மலாய் ஐக்கிய சமஸ்தானங்கள் உருவாயின. பின்னர் றப்பர் பெருகியது. இவ்விரிவாக்கத்துக்கு ஆங்கிலம் எழுதவும் கணக்கு வைக்கவும் தெரிந்த, ஐரோப்பியரிலும் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடிய கீழ்நிலை அலுவலர் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்தான் எழுதுவினைஞனாகவும், புகையிரத நிலைய அதிபராகவும், நில அளவைத் திணைக்களத்து ஊழியனாகவும், தோட்டத்துக் கிராணியாகவும் அங்கே சென்றான். ‘கோழி மேய்த்தாலும் கோறணமெந்தில் மேய்க்க வேண்டும்’ என்னும் யாழ்ப்பாணத்துப் பழமொழி இவ்வர்க்கத்தின் கருத்துநிலையைச் செவ்வனே புலப்படுத்துகின்றது.

இவ்விடத்தில் இரு விடயங்கள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, இவ்வாய்ப்பு எல்லார்க்கும் பொதுவானதன்று. ஆங்கிலப் பாடசாலையின் வாயில் யாருக்குத் திறந்திருந்ததோ அவர்களுக்கே கப்பலின் படியும் திறந்திருந்தது. நிலமுடைய வேளாளரும் அவர்க்கு அடுத்த நிலையிலிருந்த சிலருமே பெரும்பாலும் சென்றனர். குடிமை முறைமையால் ஒடுக்கப்பட்ட மக்கள் ஊரிலேயே விடப்பட்டனர். இரண்டாவது, அதே மலாயாவுக்குத் தமிழகத்திலிருந்து கங்காணி முறையின்கீழ்ச் சென்ற தோட்டத் தொழிலாளியும் தமிழனே. அவனுக்குச் சேர்த்துவைத்த விடுமுறையோ ஓய்வூதியமோ இருக்கவில்லை. தோட்டத்தில் வெள்ளைத் துரைக்கும் அத்தொழிலாளிக்கும் இடையே கணக்குப் புத்தகத்துடன் நின்றவர்களுள் யாழ்ப்பாணக் கிராணியும் ஒருவன். ஆகவே நாம் இங்கு ஆராயும் விடுமுறை ஒரு குறிப்பிட்ட வர்க்கத்துக்கு உரித்தான விடுமுறையாகும்.

3

1884இல் வெளிவந்த ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்னும் நூலின் முன்னுரையில் எங்கெல்ஸ், சமூக வாழ்வை நிர்ணயிக்கும் உற்பத்தி இருவகைப்படும் என்றார். வாழ்க்கைக்கு வேண்டிய பொருள்களின் உற்பத்தி ஒன்று. மனிதரை உற்பத்தி செய்தல் மற்றையது. இவ்விரண்டும் ஒரே இடத்தில் நிகழ்வதே விவசாயக் குடும்பத்தின் இயல்பு. உழும் நிலத்துக்கு அருகிலேயே பிள்ளை பிறக்கும், வளரும், முதியோர் பேணப்படுவர். மலாயா உத்தியோகம் இவ்விரண்டையும் கடலால் பிரித்தது. சம்பளம் அங்கே ஈட்டப்பட்டது. திருமணம், மகப்பேறு, கல்வி, முதுமை, மரணச்சடங்கு ஆகியவை இங்கே நிகழ்த்தப்பட வேண்டியவையாயின.

தென்னாபிரிக்கச் சுரங்கங்களுக்குச் சென்ற கறுப்பினத் தொழிலாளரின் குடும்பங்கள் கிராமங்களில் விடப்பட்டமையும், அதனால் சுரங்க முதலாளிகள் குடும்பத்தைப் பேணுவதற்கான கூலியைக் கொடாது தப்பிக்கொண்டமையும் ஆய்வாளர் பலரால் எடுத்துக்காட்டப்பட்டுள்ளன. யாழ்ப்பாணத்து எழுதுவினைஞனைச் சுரங்கத் தொழிலாளியோடு சமப்படுத்துவது தவறாகும். அவனுக்குக் குடியிருக்க அரசாங்க விடுதி கிடைத்தது. காலப்போக்கில் மனைவியையும் அழைத்துச் சென்றான். ஆயினும் ஓர் அடிப்படை ஒற்றுமை உண்டு. காலனித்துவ அரசு பயன்படுத்திய அலுவலனை வளர்த்துக் கற்பித்து அனுப்பிய செலவும், ஓய்வுபெற்ற பின்னர் அவனைப் பேணிய உழைப்பும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு உரியனவாயின. ஓய்வூதியம் அச்செலவின் ஒரு பகுதியையே ஈடுசெய்தது.

இப்பிளவு எவ்வாறு இருந்தது என்பதற்குப் பொதுவாழ்வில் நன்கறியப்பட்ட இருவரின் பிறப்பையும் வளர்ப்பையும் உதாரணமாகக் காட்டலாம். தமிழரசுக் கட்சியை 1949இல் நிறுவிய சா. ஜே. வே. செல்வநாயகம் 1898இல் மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்தவர். தந்தையார் மலாயாவில் இருக்க, பிள்ளைகளின் கல்வியின் பொருட்டுத் தாயார் அவர்களை அழைத்துக்கொண்டு தெல்லிப்பழைக்குத் திரும்பினார். அப்பொழுது செல்வநாயகத்துக்கு வயது 4. மறுபுறத்தில், 1965இல் சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சரான சி. இராசரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையிற் பிறந்தவர். தந்தையார் மலாயாவில் றப்பர்த் தோட்டத்து உத்தியோகத்தர். மகப்பேறு ஊரிலே நிகழ வேண்டும் எனக் குடும்பம் விரும்பியதால் தாயார் யாழ்ப்பாணம் வந்திருந்தார். குழந்தை சில மாதங்களில் மலாயாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிரம்பானில் வளர்ந்தது. ஒருவர் அங்கே பிறந்து இங்கே வளர்ந்தார். மற்றவர் இங்கே பிறந்து அங்கே வளர்ந்தார். ஈழத்தமிழரின் அரசியலையும் சிங்கப்பூரின் அரசியலையும் பாதித்த இருவர் ஒரே சமூக இயக்கத்தின் இரு திசைகளிலே உருவாயினர் என்பது எமது கவனத்துக்குரியது. இரு சந்தர்ப்பங்களிலும் கடலைக் கடந்தவர் தாயே என்பது அதனினும் கவனத்துக்குரியது.

4

இப்பின்னணியில் விடுமுறை வருகையை நோக்குவோம். அரசாங்க சேவை விதிகள் அனுமதித்த விடுமுறையை ஆண்டுக்கணக்கிற் சேர்த்துவைத்தே மலாயாக்காரர் ஊருக்குப் புறப்பட்டனர். பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கப்பலேறிக் கொழும்பை அடைந்து அங்கிருந்து வடக்கே செல்ல வேண்டும். வடபகுதிப் புகையிரதப் பாதை கொழும்போடு முழுமையாக இணைக்கப்பட்டது 1905இலேயே. பயணத்துக்குச் செலவான நாள்களையும் பணத்தையும் நோக்குமிடத்து, ஊரிற் கிடைத்த ஒவ்வொரு நாளும் விலைமதிப்புடையதாயிருந்தது என்பது புலனாகும்.

அந்நாள்களில் நடைபெற்றவை எவை? விவாகமாகாத இளைஞனுக்குப் பெண் பார்த்துச் சீதனம் பேசித் தாலி கட்டுவித்தனர். விவாகமானவர் ஈடுவைத்த காணியை மீட்டார். அயலில் விற்பனைக்கு வந்த துண்டுக் காணியை வாங்கினார். நொத்தாரிசைக் கண்டு உறுதி முடித்தார். மண்வீடு கல்வீடாயிற்று, பழைய நாற்சார் வீட்டுக்கு விறாந்தையும் சங்கடப்படலையும் சேர்க்கப்பட்டன. கோயிலில் ஒரு நாட் திருவிழா உபயம் ஏற்கப்பட்டது. தங்கைக்கு மாப்பிள்ளை தேடப்பட்டது. மகன் பாடசாலை விடுதிச்சாலையிற் சேர்க்கப்பட்டான். மகள் பாட்டியாரின் பொறுப்பில் விடப்பட்டாள். தாய்தந்தையரின் திவசம் செய்யப்பட்டது. உறவினரின் பழைய பகை தீர்க்கப்பட்டது. புதிய பகை தோன்றியதும் உண்டு. விடுமுறை முடியும் தறுவாயில், காணிகளைப் பராமரிப்பதற்கு மைத்துனருக்கோ சகோதரருக்கோ அற்றோணித் தத்துவம் எழுதப்பட்டது. பிற்காலத்துக் குடும்ப வழக்குகள் சிலவற்றின் வித்து இப்பத்திரங்களிலேயே கிடந்தது.

இவ்வட்டவணையைக் கூர்ந்து நோக்கின், இவற்றுள் எதுவும் ஓய்வன்று என்பது தெளிவாகும். குடும்பத்தின் மறுவுற்பத்திக்கு வேண்டிய கருமங்கள் யாவும் சில வாரங்களுக்குள் நெருக்கப்பட்டிருந்தன. விவசாயக் குடும்பம் ஆண்டு முழுவதும் பரவலாகச் செய்பவற்றை மலாயாக் குடும்பம் ஒரே விடுமுறையிற் செய்து முடிக்க வேண்டியிருந்தது.

வருகையின் மற்றொரு பணி கருத்துநிலை சார்ந்தது. மலாயாவில் அவர் ஐரோப்பிய மேலதிகாரியின்கீழ் வேலை செய்தவர். அங்கே பதவி உயர்வுக்கும் ஓர் எல்லை உண்டு. ஊரில் அவரே பெரியவர். உறவினருக்குப் பகிரப்பட்ட பொருள்களும், கோயில் உபயமும், பாடசாலைக் கட்டட நிதிக்கு அளித்த நன்கொடையும் அவருக்கு ஊரில் ஓர் இடத்தைப் பெற்றுத் தந்தன. மலாயாவிற் சிக்கனமாக வாழ்ந்தே இப்பணம் சேர்க்கப்பட்டது என்பதை ஊரார் கண்டிலர். அவர்கள் கண்டது வருகையை மட்டுமே. அதனால் அடுத்த வீட்டு இளைஞனும் புறப்பட்டான்.

இப்பணம் ஊரின் உற்பத்தி உறவுகளை மாற்றவில்லை என்பதும் வலியுறுத்தப்பட வேண்டும். அதிற் பெரும்பகுதி காணியிலும் கல்வீட்டிலும் சீதனத்திலும் கோயிலிலுமே முடங்கிற்று. தொழிற்றுறை எதுவும் அதனாற் கணிசமாக வளரவில்லை. மாறாக, நிலவுடைமையின் தளர்ச்சியால் ஆட்டங் கண்டிருக்கக்கூடிய சாதி அந்தஸ்துக்கு அது புதிய முட்டுக்கொடுத்தது. கல்வீட்டுக்குக் கல் சுமந்தவரும் உபயத் திருவிழாவின்போது வெளிவீதியில் நின்றவரும் பழைய நிலையிலேயே இருந்தனர். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற வேண்டியிருந்தது என்பதும், அவ்வுலகை உள்ளிருந்து சித்திரித்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இலேயே வெளிவந்தது என்பதும் இத்தேக்கத்தின் நீட்சியை உணர்த்தும்.

5

விடுமுறைகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளை ஊரில் கழித்தவர்களுள் முதன்மையானவர் மனைவியரும் தாய்மாரும் ஆவர். தோட்டத்துக்கு நீரிறைப்பை ஒழுங்கு செய்தல், வேலியடைப்பைக் கவனித்தல், காசுக்கட்டளையை மாற்றிக் கடனும் வட்டியும் தீர்த்தல், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புதல், மாமன் மாமியைப் பேணுதல் ஆகியவை அவர்களுக்கு உரியனவாயின. குடும்பத்தின் நடைமுறைத் தலைவி அவளே. ஆயின் சட்டம் அவளை அவ்வாறு கருதவில்லை.

ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, பெண்ணுக்குச் சீதனமாகக் கிடைத்த காணியை அவளுடைய தனிச்சொத்தாக ஏற்கின்றது. இது பெருமையுடன் எடுத்துரைக்கப்படுவதுண்டு. எனினும் அச்சொத்தைக் கையாளும் அதிகாரம் வேறொரு விடயம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசைவற்ற சொத்தை உயிருடனிருக்கும் காலத்தில் விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்திலான சம்மதம் வேண்டும். மரணசாசனத்தின் மூலம் அதனை எவருக்கும் எழுதிவைக்க அவளுக்குத் தடையில்லை. இறந்த பின்னர் தன் காணியின்மீது அவளுக்கு இருந்த சுதந்திரம் வாழுங் காலத்தில் இருக்கவில்லை.

இவ்விதி யாழ்ப்பாணத்தவர் மலாயாவுக்குப் பெருமளவிற் சென்றுகொண்டிருந்த காலத்திலேயே சட்டமாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். கணவன் ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தில் எழுத்திலான சம்மதம் ஒரு கையொப்பத்தோடு முடிந்துவிடும். கணவன் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும்பொழுது அது தபாலுக்குக் காத்திருப்பதாகவோ அடுத்த விடுமுறைக்குக் காத்திருப்பதாகவோ ஆகிவிடுகின்றது. மகளுக்குச் சம்பந்தம் கைகூடிவரினும், தாய் தன் சொந்தக் காணியைச் சீதனமாக எழுதிக் கொடுக்கக் கடல்கடந்த ஒப்பம் தேவைப்பட்டது. விடுமுறை வருகையின்போது நொத்தாரிசு வீட்டுக்கு அழைக்கப்பட்டமைக்கு இது ஒரு முக்கிய காரணமாகும். உழைப்பு அவளிடமும் அதிகாரம் வருபவரிடமும் இருந்தன.

6

ஓர் அமைப்பின் உண்மையான இயல்பு அது முறியும்பொழுதே தெளிவாகப் புலப்படும். மலாயா உத்தியோகத்தின் நிலையாமை 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் ஆட்குறைப்பைக் கொண்டுவந்தபோதே உணரப்பட்டது. ஆயின் முழுமையான முறிவு 1942இல் நேர்ந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. 1945 செப்டெம்பர் வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், இரு கரைகளுக்குமிடையே சாதாரணத் தபால் இல்லை, காசுக்கட்டளை இல்லை, கப்பல் இல்லை, விடுமுறையும் இல்லை.

அதுகாறும் தன்னைச் சுயநிறைவுடையதாக எண்ணியிருந்த ஊர், தன் அடுப்பு எங்கிருந்து எரிந்தது என்பதை அப்பொழுது அறிந்துகொண்டது. நகைகள் அடைவுக்குச் சென்றன. காணியை ஈடுவைக்க முற்பட்ட பெண்களின் முன்னே 1911ஆம் ஆண்டுச் சட்டம் நின்றது. சம்மதம் தரவேண்டிய கணவன் உயிரோடிருக்கின்றானா என்பதே தெரியாதிருந்தது. கணவனின் இருப்பிடம் அறியப்படாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்று அவனது சம்மதமின்றியே சொத்தைக் கையாளலாம் என்ற ஏற்பாடு அச்சட்டத்தில் உண்டு. தன் கணவன் எங்கிருக்கின்றான் என்பது தனக்குத் தெரியாது என நீதிமன்றிற் சொல்லித்தான் ஒரு பெண் தன் தாய்வழிக் காணியின்மீது உரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது. சட்டநூலில் ஒரு வரியாக உள்ள இவ்வேற்பாடு எத்தகைய அவமானத்தையும் துயரையும் உள்ளடக்கியது என்பதைச் சமூக வரலாற்றாசிரியன் உணர்தல் வேண்டும்.

மறுகரையிலும் குடும்பங்கள் சிதைந்தன. யப்பானியர் அச்சிட்ட, வாழைமரம் பொறித்த பணத்தாள்கள் போர் முடிந்ததும் பெறுமதியற்றுப் போயின. போருக்குப் பின் தபாலும் கப்பலும் மீண்டும் ஓடின. ஓய்வுபெற்றோர் 55 வயதளவில் ஊர் திரும்பினர். ‘பென்சனியர்’ என்னும் பாத்திரம் ஊர்ச் சந்திகளில் முழு உருவம் பெற்றது இக்காலத்திலேயே எனலாம். ஆயினும் பழைய ஒழுங்கு நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமும் 1957இல் மலாயா பெற்ற சுதந்திரமும், இரு கரைகளிலும் கால் வைத்திருந்த குடும்பங்களை ஒரு கரையைத் தெரிவுசெய்ய நிர்ப்பந்தித்தன. பலர் மலாயரானார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் ஒரு பாட்டனாரின் ஊராக மட்டும் எஞ்சிற்று.

7

மலாயாவின் கதவு ஒடுங்கிய காலத்திலேயே கொழும்பின் கதவும் ஒடுங்கத் தொடங்கியது. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் அரசாங்க உத்தியோகத்தையும், 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழக அனுமதியையும் பாதித்தன. 1983 யூலை வன்செயல்களின் பின்னர் கனடா, பிரித்தானியா, பிரான்சு, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளுக்கு மக்கள் அகதிகளாகச் சென்றனர். இதனை மலாயாப் பயணத்தின் தொடர்ச்சியாக மட்டும் காண்பது பொருந்தாது. முன்னையது உத்தியோகம் தேடிச் சென்ற பயணம். பின்னையது உயிர் தப்பிச் சென்ற பயணம். முன்னையதிற் பங்குபெறாத சாதிகளையும் வர்க்கங்களையும் சேர்ந்தோர் பின்னையதிற் பங்குபெற்றனர் என்பதும் முக்கிய வேறுபாடாகும்.

ஆனால் பிளவுண்ட குடும்பமும் அதனை இணைக்கும் விடுமுறை வருகையும் மீண்டும் தோன்றின. போர் அவ்வருகையை நீண்டகாலம் தடுத்தது. யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை 1990இல் நின்றது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது பலர் முதன்முறையாக ஊரைக் கண்டனர். 2006இல் அது மீண்டும் மூடப்பட்டது. போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. ஆடி ஆவணியில் 25 நாள்கள் நடைபெறும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் ஐரோப்பிய, கனடியப் பாடசாலை விடுமுறையோடு பெரும்பாலும் பொருந்திவருகின்றது. இன்றைய குடும்பங்களின் வருகைக்கு அதுவே காலத்தை நிர்ணயிக்கின்றது.

மலாயாக்காரரின் அட்டவணையோடு இன்றைய வருகையின் கருமங்களை ஒப்பிட்டால், திருமணம், காணி, உபயம், உறுதி, அற்றோணித் தத்துவம் ஆகிய அனைத்தும் அப்படியே இருப்பதைக் காணலாம். ஒன்று மட்டும் இல்லை. மலாயாக்காரரின் ஒவ்வொரு விடுமுறையும் இறுதித் திரும்புகைக்கான ஆயத்தமாக இருந்தது. அவர் கட்டிய வீட்டிலே அவர் முதுமையடைந்தார். இன்று வருபவருட் பலர் அவ்வாறு திரும்பப் போவதில்லை. பிள்ளைகள் பிரெஞ்சும் ஜேர்மனும் நோர்வீஜிய மொழியும் பேசி அந்நாடுகளிலே வேரூன்றிவிட்டனர். எனவே ஊரில் கட்டப்படும் வீடு சில வாரங்களுக்குத் திறக்கப்பட்டு எஞ்சிய மாதங்களிற் பூட்டிக் கிடக்கின்றது. முதிய தாய் அயலவரின் துணையிலும் தொலைபேசியின் துணையிலும் வாழ்கின்றாள். வெளிநாட்டுப் பணத்தோடு போட்டியிட இயலாத உள்ளூர் உழைப்பாளி காணி வாங்க முடியாது நிற்கின்றான். பண்டைய முறையின் பாரங்கள் தொடர்கின்றன. அம்முறை இறுதியில் அளித்த திரும்புகை மட்டும் அகன்றுவிட்டது.

1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் சம்மத விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. கணவன் வெளிநாட்டிலுள்ள பெண்ணும், போரிலே கணவன் காணாமற்போன பெண்ணும் தம் சொந்தக் காணியின்பொருட்டு அவ்விதியின் முன்னே நிற்கவேண்டியுள்ளது. 1942இல் ஒரு தலைமுறைப் பெண்கள் முகங்கொடுத்த நிலையிலிருந்து இது எவ்வகையில் வேறுபட்டது என்பதை நாம் வினவாதிருக்க முடியாது. தேசவழமையைத் தமிழரின் தனித்துவச் சின்னமாகப் போற்றுவோர் இவ்வினாவுக்கு முதலில் விடையளிக்க வேண்டும்.

8

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் ஆய்வுப் பணியும் பிறக்கின்றது. மலாயாக் காலத்துக் குடும்ப வரலாற்றுக்கான சான்றுகள் அரசாங்கச் சுவடிகளில் மட்டும் இல்லை. உறுதிகள், அற்றோணிப் பத்திரங்கள், பாடசாலை இடாப்புகள், கோயில் உபயக் கணக்குகள், டிரங்குப் பெட்டிகளிற் கிடக்கும் கடிதங்கள் ஆகியவற்றிலேயே அவை உள்ளன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 90,000க்கு மேற்பட்ட நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1990இலும் 1995இலும் நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வுகளிலே வீட்டுப் பத்திரங்கள் எத்தனையோ சிதறிப்போயின. எஞ்சியவை பூட்டிய வீடுகளில் கறையானுக்கு இரையாகின்றன. மலாயாவிற் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த முதியோர் சிலர் இன்னும் எம்மிடையே உள்ளனர். அவர்களுட் பெண்களின் வாய்மொழியைப் பதிவு செய்வதே முதலிற் செய்யவேண்டியது. ஏனெனில் விடுமுறைக்கு வந்தவரின் பெயர் கோயிற் கல்லிலும் பாடசாலைச் சுவரிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. விடுமுறைகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளைத் தாங்கியவரின் பெயர் அங்கெல்லாம் இடம்பெறவில்லை.

யாழ்ப்பாணக் குடும்பம் கட்டுக்கோப்பானது, கடலும் பிரிக்க முடியாதது என்று பெருமை பேசுவது எம்மவரிடையே வழக்கம். அக்கட்டுக்கோப்பு இயல்பாக அமைந்ததன்று. ஒரு வரலாற்றுக் கட்டத்தில், ஒரு காலனித்துவப் பொருளாதாரத்தின் தேவைக்கு இயைய, குறிப்பிட்ட சிலரின் ஊதியமற்ற உழைப்பால் அது பேணப்பட்டது. அவ்வுழைப்பைக் கணக்கிற் சேர்க்கும் வரை மலாயா பற்றிய எமது வரலாறு வருகையாளரின் வரலாறாகவே இருக்கும். இன்றைய புலம்பெயர் வாழ்வைப் பற்றிய எமது விளக்கமும் அதே குறைபாட்டை உடையதாகவே அமையும்.